குழாயடிக்கு யார் நடுவர்?

ஐந்து பேரைச் சொல் என்றால் ஐந்தும் ஆணாகவே வந்து விழும் கேள்விகள் சில உண்டு. உலகத்திலேயே பெரிய ராப்பர் யார் என்பது அவற்றில் ஒன்று. கோரிப்பாளையத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் கல்லூரிப் பையன்கள் சாயங்காலமானால் இதை வைத்துச் சண்டை போடுவார்கள். டூபாக், எமினெம், நாஸ், கென்ட்ரிக் லமார். தமிழ் என்றால் யோகி பி, அறிவு, ஹிப்ஹாப் தமிழா ஆதி. பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஹிப்ஹாப்புக்கு 50 வயதான 2023இல் அமெரிக்காவின் பில்போர்டும் வைப் பத்திரிகையும் சேர்ந்து 50 பேர் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டன. முதலிடம் ஜே-ஸீக்கு. முதல் பெண் பெயரைப் பார்க்க 10ஆவது இடம் வரை இறங்க வேண்டும்: நிக்கி மினாஜ்.

என் அக்கா மகளுக்குப் 19 வயது. இங்கேயே பெண்கள் கல்லூரியில் படிக்கிறாள். போனில் ராப் எழுதுகிறாள். யாருக்கும் காட்டுவதில்லை, எனக்கு மட்டும். ஒருநாள் கேட்டாள்: “சித்தி, பொம்பளைல யாரு பெருசுன்னு கேட்டா நாலு பேரு சொல்லுவேன். மொத்தத்துல யாருன்னு கேட்டா எந்தப் பொம்பளப் பேரச் சொல்றது?” சிறந்த பெண் கவிஞர், சிறந்த பெண் இயக்குநர் என்று தனி வரிசை போட்டு உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் எரிச்சல் புரியும். அதனால் அவளுக்கு உடனே பெயர் சொல்லவில்லை. முதலில் அளவுகோல் எது என்று பார்ப்போம் என்றேன்.

ஹிப்ஹாப் பிறந்த கதையை எல்லோரும் டிஜே கூல் ஹெர்க் என்பவரிலிருந்து தொடங்குவார்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ், செட்விக் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டு இசைத்தட்டுகளை வைத்து ஹெர்க் ஆடவைத்தார். சரி. அந்த விருந்தை ஏற்பாடு செய்தது யார்? அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். இடத்தைப் பிடித்து, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்தாள். ஆறு வருடம் கழித்து, 1979இல், ராப் என்ற ஒன்றை நாடெங்கும் கேட்கவைத்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டைத் தயாரித்து வெளியிட்டவரும் ஒரு பெண், சில்வியா ராபின்சன். வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் முதல் பந்தி வரை பார்ப்பது பெண்கள், போட்டோவில் நடுவில் நிற்பது ஆண்கள் என்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை.

அளவுகோலுக்கு வருகிறேன். ராப் கேட்பவர்கள் முதலில் சொல்வது நடை. தாளத்தின் மேல் சொல் எப்படி ஏறி இறங்குகிறது என்பது. ஆங்கில ராப்பில் சொல்லின் கடைசி ஒலி பொருந்த வேண்டும். நமக்கு அது இயைபு, பலவற்றில் ஒன்று. நம் காது பழகியது முதலெழுத்து மோனைக்கும் இரண்டாம் எழுத்து எதுகைக்கும். மலேசியாவிலிருந்து 2006இல் யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ வந்தபோது, தமிழில் இது முடியுமா என்ற சந்தேகம் பலருக்கும் தீர்ந்தது. தமிழின் ஒற்றெழுத்துகளே பாதி மேளம். க்க, ட்ட, த்த, ப்ப என்று வாயே தாளம் போடுகிறது. ஆனால் தமிழில் சொற்கள் நீளமானவை. ஒரே வினைச்சொல்லில் காலம், ஆள், மறுப்பு எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் எங்கே மூச்சு விடுவது என்பது தமிழ் ராப்பருக்குப் பெரும்பாடு. அக்கா மகள் தன் வரிகளுக்கு இடையில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைத்திருப்பாள். மூச்சுக்கோடு.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது எங்கள் பக்கம் வர்ணிப்புப் பாடுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். மலையிலிருந்து வைகை வரை அழகர் வரும் கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் ஆண்கள். சுற்றி நிற்கும் பெண்கள் குலவை போடுவார்கள். மூச்சுக்கு எங்களிடம் குறைவில்லை என்பதற்குக் குலவையை விடப் பெரிய சாட்சி வேண்டாம். கதை சொல்லும் இடம்தான் கிடைக்கவில்லை.

அடுத்த அளவுகோல் மோதல். இருவர் எதிரெதிரே நின்று, யோசிக்க நேரமில்லாமல், ஒருவரை ஒருவர் சொல்லால் வீழ்த்துவது. இதைப் பற்றிப் பையன்கள் பெரிய வியப்போடு பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். தண்ணீர்ப் பஞ்ச வருடங்களில் எங்கள் தெருக் குழாயடியில் நான் கேட்டதெல்லாம் வேறு என்ன? ஒருத்தி எடுத்த சொல்லையே அடுத்தவள் திருப்பி அவள் மேல் போடுவாள். குடும்ப வரலாறு மூன்று தலைமுறைக்கு வரும். உவமை வரும், எதுகை வரும், சுற்றி நிற்கும் கூட்டம் ‘ஓ’ போடும். ஆனால் ‘குழாயடிச் சண்டை’ என்பது தமிழில் வசைச்சொல். சட்டமன்றத்தில் ஆண்கள் மோதிக்கொண்டாலும் குழாயடி போல இருக்கிறது என்று எழுதுவார்கள். ஆண்கள் வசை பாடினால் அது இலக்கியம். காளமேகத்துக்கு அதற்காகவே பெயர். முக்கூடற்பள்ளுவில் மூத்தபள்ளியும் இளையபள்ளியும் ஒருத்தி மற்றவளின் ஊரையும் சாமியையும் இழுத்து ஏசிக்கொள்ளும் பகுதி இருக்கிறது. ‘ஏசல்’ என்று அதற்கு இலக்கிய மரபில் இடம் தந்திருக்கிறார்கள், பாடமாக வைக்கிறார்கள். அந்த ஏசலை நிஜமாகவே செய்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் வாயாடி.

1984இல் ரொக்ஸான் ஷாண்டே என்ற பெயரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி, ஆண்கள் குழு ஒன்று ரொக்ஸான் என்ற பெண்ணைக் கிண்டலடித்துப் பாடிய பாட்டுக்குப் பதிலடியாக ஒன்று பாடி வெளியிட்டாள். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் பாட்டுகள் வந்தன. அடுத்த வருடம் நியூயார்க்கில் நடந்த ராப் மோதலில் வரிசையாக ஆண்களை வீழ்த்தி இறுதிச் சுற்றில் தோற்றாள். ஒரு சிறுமி வென்றால் இந்த இசையை யார் மதிப்பார்கள் என்று நினைத்து நடுவர் ஒருவர் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்ததாக அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடுவரின் பேனா ஞாபகத்துக்கு வருகிறது.

மூன்றாவது பெருமை பேசுவது. ராப்பின் உயிரே அதுதான். ‘நான் யார் தெரியுமா?’ இது எனக்கு நெருடலான இடம். எங்கள் சிக்னலில் சில நாட்களில் கொடி கட்டிய வண்டிகள் போகும். அவற்றில் அலறும் சாதிப் பெருமைப் பாட்டுகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் பெண்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் நன்றாகத் தெரியும். அப்படியானால் பிராங்ஸ் பையன் பேசும் பெருமைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எதுவுமே இல்லாதவன் என்று உலகம் முடிவுகட்டிய ஒருவன் தன்னைப் பெரியவன் என்கிறான்; அதில் யாருடைய வாசலும் அடைபடவில்லை. ஏற்கெனவே மேலே இருப்பவன் சொன்னால் அது மிரட்டல். ஆனால் அதே பிராங்ஸ் பையனின் பெருமையும் ஒரு பெண்ணை மிதித்துத்தான் மேலே ஏறுகிறது, பல நேரம். தமிழிலும் அப்படித்தான். 2010களின் தொடக்கத்தில் எல்லா போனிலும் ஒலித்த ‘கிளப்புல மப்புல’வைச் சுற்றியிருந்தவர்கள் ரசித்துக் கேட்டார்கள். குடிக்கிற பெண்ணைப் பழிக்க ஒரு புது இசை வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதனால்தான் அறிவின் ஒரு தேர்வு என்னை நிறுத்தியது. அரக்கோணத்துக்காரர். பா. இரஞ்சித் முன்னெடுத்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய அந்தக் குழுவில் 19 பேர். பெண் ஒருவர்தான், கானா பாடகி இசைவாணி. (அந்த ஒருவர் 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.) 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. அதை யார் ஆக்கியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிறகு பெரிய சர்ச்சை. அந்தச் சர்ச்சையில் எல்லோரும் மறந்த பங்கு ஒன்று உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் இங்கே திரும்பிய வள்ளியம்மாள் என்ற பாட்டியின் கதை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது; காணொளியில் அவரே உட்கார்ந்திருக்கிறார். 2024இல் அறிவு தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. நான் யார் தெரியுமா என்ற கேள்விக்கு, இன்னாள் பேரன் என்று ஒரு ராப்பர் பதில் சொல்கிறார். அப்பன் பெயர், ஊர்ப் பெயர், சாதிப் பெயர் எதுவும் இல்லை.

பெயரைச் சொல் என்று அக்கா மகள் விடவில்லை. சொன்னேன்: மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்குத் தப்பி, கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்து, பத்து வயதில் அகதியாக லண்டன் திரும்பியவர். முதல் ஆல்பம் 2005இல், அப்பாவின் இயக்கப் பெயரில், ‘அருளர்’. இரண்டாவது 2007இல், அம்மாவின் பெயரில், ‘கலா’. தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் அம்மா. அந்த இரண்டாவது ஆல்பத்தில் நம் உறுமி மேளம் அதிர்கிறது. திருவிழாவிலும் சாவிலும் கேட்ட உறுமியை லண்டன் நடனக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தவர் அவர். தொழில்நுட்பமாகப் பார்த்தால் எமினெம் அளவு வேகம் இல்லை, சொல்லடுக்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். இப்போது அவர் சொல்கிற பலவற்றோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

ஆனால் 2009 பிப்ரவரி 8, கிராமி விருது மேடை. ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நால்வரும் கோட்டுசூட்டில். அவர்கள் பாடும் பாட்டே எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ குரலை வெட்டியெடுத்து அதன்மேல் கட்டியது. நடுவில் நிறைமாத வயிற்றோடு, வயிறு தெரிகிற உடையில் அவர். அன்றுதான் பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த நாள். மூன்று நாளில் மகன் பிறந்தான். அந்த மாதங்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நமக்குத் தெரியும். அதைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாய்திறந்தவர்கள் எத்தனை பேர்? அவர் பேசினார். அக்கா மகள் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, “இந்த வயித்தோட மூச்சு எப்படிச் சித்தி பத்துச்சு?” என்றுதான் முதலில் கேட்டாள்.

இன்னொரு பெயர் நமக்குப் பக்கம். சென்னையின் சோபியா அஷ்ரப். பர்தா அணிந்து ராப் பாடியதால் ‘புர்கா ராப்பர்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன, உடையைத்தான் முதலில் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சியாக. 2015இல் ‘கொடைக்கானல் வோன்ட்’ வெளியிட்டார். நிக்கி மினாஜின் பிரபலமான மெட்டை எடுத்துக்கொண்டு, யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலைப் பாதரசத்தைப் பற்றிய பாட்டு. இங்கிருந்து ஆரப்பாளையம் போய் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் கொடைக்கானல். அந்த ஆலை 2001இல் மூடப்பட்டது, தொழிலாளர்கள் அதிலிருந்து நியாயம் கேட்டு அலைந்துகொண்டிருந்தார்கள். பாட்டு உலகமெங்கும் பரவியது, மினாஜே பகிர்ந்தார். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டுதான் வாங்கிக் கொடுத்தது என்று சொல்வது 15 வருடம் போராடியவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒரு ராப் பாட்டு யார் காதில் போய் விழுந்தது, விழுந்த பிறகு என்ன ஆனது என்பதையும் அளவுகோலில் சேர்த்தால் பட்டியல் எப்படி மாறும்?

என் அம்மாச்சியைச் சேர்க்காமல் இதை எழுத முடியாது. எழுதப் படிக்கத் தெரியாது. சாவு விழுந்தால் நாலு தெரு தள்ளியிருந்தும் ஆள் வந்து கூப்பிடும். வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டு ஒப்பாரி தொடங்கினால், செத்தவளின் வாழ்க்கை முழுக்க அந்த இடத்திலேயே பாட்டாகிவிடும். பெருமை முதலில் வரும். பிறகு, யாரும் எதிர்பாராத இடத்தில், கடைசிக் காலத்தில் சோறு போடாத மகன், நகையை வாங்கிக்கொண்ட மருமகன் எல்லாரும் வரிசையாக வருவார்கள். அவர்கள் அங்கேயே தலை குனிந்து நிற்க வேண்டும். பாட்டை நிறுத்தச் சொல்ல முடியாது. சாவு வீட்டில் அழுகிறவளை யார் அதட்டுவது? வேறெங்கும் பேச முடியாததைப் பேச அவளுக்கு இருந்த ஒரே மேடை ஒரு பிணத்தின் பக்கம். ஒரு ஒப்பாரியைக்கூட நாங்கள் பதிவு செய்து வைக்கவில்லை.

அக்கா மகள் இப்போது பதிவு செய்கிறாள். மேம்பால வேலை நடந்த நாட்களில் எந்நேரமும் இரைச்சல், அதனால் பின்னறையில் கதவைச் சாத்தி, போர்வையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, போனில். வேர்த்து ஊற்ற வெளியே வருவாள். அவள் அப்பாவுக்குத் தெரியாது. வேறு பெயரில் போடேன், யாருக்கும் தெரியாதே என்று நான்தான் யோசனை சொன்னேன். முறைத்தாள். “பேரே போடாம எப்படிச் சித்தி பெருமை பேசுறது?”

பெயர் போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பாட்டு அவள் அப்பாவைப் பற்றியதுதான். குறை சொல்லும் பாட்டில்லை, அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்தில் வீடே எப்படிப் பேச்சை நிறுத்துகிறது என்று சொல்லும் பாட்டு. பதினாறு வரி. நேற்று கேட்டபோது நாலாவது வரியை மாற்றிக்கொண்டிருந்தாள். அங்கே மூச்சு பத்தவில்லையாம்.