கடலடியில் நாங்கள் தேடிய நெருப்பு



சில மாதங்களுக்கு முன் ஓரிரவு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு காணொளி வந்தது. நடுக்கடலில் வட்டமாகத் தீ கொழுந்துவிட்டு எரிகிறது. கடலுக்கடியில் நெருப்பு இருப்பதாகத் திருமறை அன்றே சொன்னதை விஞ்ஞானிகள் இன்று கண்டுபிடித்துவிட்டனர் என்று அதன் கீழே எழுதியிருந்தது. ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே நாங்களும் அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டோம்.

மறுநாள் மஃரிபுக்குப் பின், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் கேட்டாள்: "வாப்பா, தண்ணிக்குள்ள நெருப்பு எப்படி எரியும்?" எங்கள் இருவரிடமும் விடையில்லை. அதட்டி அடக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், காணொளியைப் பற்றிய சந்தேகம் மார்க்கத்தைப் பற்றிய சந்தேகமாக அவள் உள்ளத்தில் தங்கியிருக்கும் என்று அஞ்சினோம். ஆகவே மூவரும் சேர்ந்து தேடினோம்.

அந்தக் காணொளி 2021 ஜூலையில் மெக்சிகோ வளைகுடாவில் எடுக்கப்பட்டது. கடலடிக் குழாயிலிருந்து கசிந்த எரிவாயு, நீரின் மேற்பரப்பில் தீப்பற்றி எரிந்திருக்கிறது. மனிதரின் குழாய், மனிதரின் விபத்து. எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப கடலுக்கு அடியில ஒண்ணுமே இல்லையா உம்மா?" என்றாள் மகள். இருந்தது. நாங்கள் அனுப்பியதைவிடப் பன்மடங்கு வியப்பானது.

பெருங்கடல்களின் தரையில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் உலகைச் சுற்றி ஓடுகிறது. அங்கே புவியோட்டின் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. கீழிருந்து எழும் பாறைக்குழம்பு இறுகிப் புதிய கடல்தரையாகிறது. தரையின் விரிசல்களில் இறங்கும் கடல்நீர், அந்த வெப்பத்தால் சூடேறி, பாறையிலிருந்து உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக மேலெழுகிறது.

1977 பிப்ரவரியில் காலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் இத்தகைய ஊற்றுகளை முதன்முதலாக நேரில் கண்டனர். அவர்கள் பாறைகளையும் வெந்நீரையும் தேடிச் சென்றவர்கள்; அந்தப் பயணத்தில் உயிரியலாளர் எவரும் இல்லை. ஆனால் சூரிய ஒளியே எட்டாத அந்த இருளில் சிப்பிகளும் நண்டுகளும் குழாய்ப் புழுக்களும் கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தன.

ஈராண்டுகளுக்குப் பின், மெக்சிகோவின் மேற்குக் கரைக்கு அப்பால், கரும்புகை கக்கும் கற்புகைபோக்கிகளைக் கண்டனர். உண்மையில் அது புகையன்று. சுமார் 350 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர், உறைநிலையை நெருங்கிய கடல்நீரைத் தொட்டதும், அதில் கரைந்திருந்த உலோகங்கள் கந்தகத்தோடு கூடிக் கருந்துகள்களாகப் பிரிகின்றன. அவ்வளவு வெப்பத்திலும் அந்நீர் கொதிப்பதில்லை. மேலேயுள்ள கடலின் அழுத்தம் அதனைக் கொதிக்க விடுவதில்லை. வெப்பமளக்க இறக்கிய கருவியின் பிளாஸ்டிக் பகுதி உருகிப்போனதாம்.

அங்குள்ள பெருங்குழாய்ப் புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவாக்கி அதற்கு ஊட்டுகின்றன. நமக்கு நஞ்சாகும் வாயு அங்கே ரிஸ்க் ஆகிறது! இதைக் கேட்ட மகள் நெடுநேரம் பேசவில்லை.

நமது இந்தியப் பெருங்கடலின் மலைத்தொடரிலும் இவ்வூற்றுகள் உண்டு. அங்கு வாழும் ஒரு நத்தையின் பாதத்தை இரும்புச் சல்பைடு கலந்த செதில்கள் மூடியிருக்கின்றன. கடலடிச் சுரங்கத் திட்டங்களால் ஆபத்து நேரக்கூடும் என்று 2019இல் அது அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அன்றிரவே, நாங்கள் காணொளியை அனுப்பிய நான்கு குழுக்களிலும் திருத்தம் எழுதினோம். பெரியவாப்பா ஒருவர் வருந்தினார்: "நல்லதத்தானே சொன்னோம். அத ஏன் நீங்களே மறுக்கிறீங்க?" அத்தூர் அத்தியாயத்தில் கடலின் மீது சத்தியமிடும் இடத்தில் வரும் சொல்லுக்கு, நிரம்பியது என்றும் மூட்டப்பட்டது என்றும் முற்கால விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளனர். அவ்வசனத்துக்கு எந்தக் குழாய் விபத்தின் துணையும் தேவையில்லை. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவதையோ நபிகளார் கண்டித்துள்ளார்கள் என்று பணிவோடு பதில் எழுதினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். எங்களிடம் பேசவில்லை, மகளைக் கேட்டார். "அந்த வாயில்லாப் புழு எப்படிம்மா சாப்பிடுது?"

அவள் சொல்லச் சொல்ல, மறுமுனையில் ஸுப்ஹானல்லாஹ் என்ற குரல் எங்களுக்கும் கேட்டது. இம்முறை அது உண்மைக்காகச் சொல்லப்பட்டது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.