திருகோணமலையில் ஐந்து மணி நேரம்

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் சொகுசுக் கப்பலில் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். திருகோணமலையில் இறங்கிச் சுற்ற ஐந்து மணி நேரம். கப்பல்காரர்களின் பஸ் டூர் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. நாற்பது பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் கூச்சத்திலேயே பாதியில் திரும்பிவிடுவார். ஆனால், அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நம் ஆட்டோ தாமதமானால் காத்திருக்காது. அந்தப் பயம் எனக்கு இருந்தது.

துறைமுகத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்து, போக, காத்திருக்க, திரும்பி வர எல்லாவற்றுக்கும் முதலிலேயே வாடகை பேசிக்கொண்டேன். பேச்சு தமிழிலேயே நடந்தது. கடிகாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நம்மூர் ஆடுகள் மாதிரி திரிகின்றன. பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு போர்த்துக்கீசியர் முதலில் கட்டிய கோட்டை இது. அதைத் தாண்டி ஏறினால், கடலுக்கு மேல் பாறை உச்சியில் கோணேஸ்வரர். சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகத்தை அப்பா தினமும் சொல்வார். கோயிலைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஏற்றத்தில் அம்மா நின்று நின்று வந்தார். நான் அடிக்கடி மணி பார்ப்பதைக் கவனித்த ஆட்டோக்காரர், கூடவே நடந்து வந்து, "ஆறுதலா வாங்கோ அம்மா" என்றார். அங்கே 'ஆறுதலா' என்றால் 'மெதுவாக' என்று அர்த்தம். அம்மாவுக்கு அது தெரியாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் விளக்கம் சொல்லவில்லை.

கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்பே கப்பலுக்கு வந்துவிட்டோம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் எட்டிப் பார்த்திருக்கலாமோ என்றேன். அம்மா காதில் வாங்கவில்லை. அப்பா படத்துக்கு வைக்க வாங்கிய விபூதிப் பொட்டலம் பிரிந்துவிடாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார்.