எந்தக் கரைக்குப் போகலாம்?

ஸ்பெயின் தேசத்துக்குக் கிழக்கே, மத்தியதரைக் கடலில், பாலியாரிக் தீவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவற்றுள் மயோர்க்கா என்பது பெரிய தீவு. அதற்கு வடகிழக்கே உள்ளது மெனோர்க்கா. "பெரியது", "சிறியது" என்பதுதான் இப்பெயர்களின் பொருள். சிறிய தீவின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். மோட்டாரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம்.

ஆனால் இவ்வளவு சிறிய தீவில் கடற்கரைகளோ எண்ணி மாளாதவை. நிலத்துக்குள் கொஞ்சம் நுழைந்து ஒதுங்கி நிற்கும் சிறு குடாவை அவ்வூரார் 'காலா' என்கிறார்கள். காலாவில் இறங்கியவர்களுக்குக் காலம் போவதே தெரியாது என்று நாம் சொன்னால் நேயர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அது உண்மை. இத்தனை காலாக்களில் எதற்குப் போவது, எதை விடுவது என்பதுதான் பிரயாணிகளுக்கு ஏற்படும் முதல் சங்கடம்.

படங்கள் நிறைந்த வழிகாட்டிப் புத்தகத்தைக் காட்டி, நாம் தங்கிய விடுதிக்காரரிடம் யோசனை கேட்டோம். அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்து மரக்கிளைகள் எந்தப் பக்கம் அசைகின்றன என்று பார்த்தார். "இன்று வடகாற்று, தெற்கே போங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தீவின் இரகசியம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். வடக்கேயிருந்து 'திரமுந்தானா' என்னும் காற்று வீசும்போது வடகரையில் அலை மோதி நுரை பறக்கும். அதே சமயம் தென்கரைக் குடாக்கள் கோயில் தெப்பக்குளம் போல் அமைதியாக இருக்கும். தென்காற்று வீசினால் நிலைமை தலைகீழ். இக்காற்றின் வல்லமையை அறியக் கடலுக்குக்கூடப் போகவேண்டியதில்லை. வயல் வெளிகளில் நிற்கும் காட்டு ஒலிவ மரங்கள் எல்லாம் தெற்கு நோக்கி முதுகு வளைந்து நிற்பதைப் பார்த்தாலே போதும்.

இரு கரைகளுக்கும் சுபாவம் வேறு, நிறமும் வேறு. தெற்கே சுண்ணாம்புக் கல். மழைநீர் அதை அறுத்துப் பள்ளத்தாக்குகளாக்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு கடலைச் சேரும் வாயில்தான் வெண்மணலும், பைன் மரமும், நீலமா பச்சையா என்று சொல்லமுடியாத நீரும் கொண்ட காலாக்கள் இருக்கின்றன. மக்கரெல்யாவும், அதன் பக்கத்தில் தங்கை போல் இருக்கும் மக்கரெல்யெத்தாவும் இவற்றுள் பிரசித்தமானவை. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காகச் சில ஆண்டுகளாகக் கோடையில் சொந்த மோட்டாரை அங்கே விடுவதில்லை. பஸ்ஸிலோ, கால்நடையாகவோதான் போகவேண்டும். காலா கல்தானாவில் ஹோட்டல்கள் உயர்ந்து நிற்கின்றன. அங்கிருந்து அரைமணி நேரம் நடந்தால் வரும் மித்ஜானாவிலோ மரங்களைத் தவிர வேறு கட்டடம் கிடையாது. நடக்கச் சம்மதிக்கிறவர்களுக்கே நல்ல கரை என்பது இத்தீவின் தர்மம் போலும்! தண்ணீரும், ரொட்டியும், மஹோன் நகரின் பெயர்பெற்ற பாலாடைக் கட்டியும் கையோடு கொண்டு போவது உத்தமம்.

வடகரையில் மென்மையைத் தேடக்கூடாது. அங்கே பாறைகள் கறுத்தும் சிவந்தும் கிடக்கின்றன. பிரெகோந்தா என்னும் குடாவின் மணல் செம்பொன் நிறம். எதிரே கடலில் பாறைத் திட்டுகள் காவல் நிற்கின்றன. குழந்தைகளோடு செல்லும் குடும்பத்தினருக்கு எஸ் கிராவ் ஏற்றது. வெகு தூரம் வரையில் முழங்கால் ஆழந்தான். அதன் பின்னால் பறவைகள் வந்து தங்கும் ஓர் உப்பங்கழி இருக்கிறது. 1970-களில் அங்கே உல்லாச வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். ஜனங்களின் எதிர்ப்பால் வேலை நின்றது. 1995-ல் அவ்விடம் இயற்கைப் பூங்காவாயிற்று.

சில கரைகளில் காய்ந்த பழுப்பு இலைகள் குவியலாய்க் கிடப்பதைக் கண்டு, "இதென்ன குப்பை?" என்று முகம் சுளிக்க வேண்டாம். பொசிடோனியா என்னும் கடற்புல்லின் இலைகள் அவை. உயிரோடிருக்கையில் அப்புல் அலையின் வேகத்தைத் தணித்து, நீரைத் தெளிவாக வைக்கிறது. உதிர்ந்த பின்பும் குளிர்காலப் புயல்களில் மணல் அரித்துப் போகாமல் காக்கிறது. அழகான கரை வேண்டுமென்று இந்தக் குவியலை அடியோடு வாரி எறிந்தால், கரையே நாளடைவில் போய்விடும்.

இனி, இக்கரைகளுக்கெல்லாம் கொண்டு சேர்க்கும் பாதையைப் பற்றிச் சொல்லவேண்டும். தீவைச் சுற்றி 185 கிலோமீட்டர் தூரம் செல்லும் அதற்குக் 'குதிரைப் பாதை' என்று பெயர். எதிரிக் கப்பல் வருகிறதா என்று குதிரை வீரர்கள் காவல் சுற்றிய வழி அது. எதிரிகளுக்கும் குறைவில்லை. 1708-ல் ஆங்கிலேயர் இத்தீவைப் பிடித்தனர். 1756-ல் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்தனர். காப்பாற்றத் தவறினார் என்று தங்கள் கடற்படைத் தலைவர் பிங் என்பவரை 1757 மார்ச் மாதத்தில் தாங்களே சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு ஜூனில்தான் வங்காளத்தில் பிளாசிப் போர் நடந்தது! நம் நாட்டில் காலூன்றியவர்கள் அங்கே கைமாற்றி விளையாடிக் கொண்டிருந்தார்கள். முடிவாக 1802-ல் தீவு ஸ்பெயினுக்குத் திரும்பியது.

காவலுக்கு அவசியம் போனபின், பாதை தனியார் பண்ணைகளுக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஸ்பெயினின் 1978-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கடற்கரைகள் பொதுச் சொத்து என்கிறது. கரை பொதுவாக இருந்து என்ன பயன்? வழியில் கதவு பூட்டியிருக்கிறதே! 1990-களில் தீவு மக்கள் திரண்டு அப்பாதையில் நடந்தே உரிமை கேட்டார்கள். 2000-ஆவது ஆண்டில் அதற்கென்று ஒரு சட்டம் பிறந்தது; 2010-ல் பாதை முழுவதும் எல்லாருக்கும் திறந்தது. இன்றும் வழியெங்கும் ஒலிவ மரத்தில் செய்த வளைந்த படல்கள் இருக்கின்றன. ஆடு மாடுகள் வெளியேறாதபடி அவற்றைத் திரும்பச் சாத்திவிட்டுப் போகவேண்டும். பூட்டு மட்டும் இல்லை.

ஆகவே, மெனோர்க்காவுக்குச் செல்கிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: காற்றைக் கேட்டுத் திசையைத் தேர்ந்தெடுங்கள், கால்களைக் கேட்டுத் தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். போய்ச் சேர்ந்த இடம் எதுவானாலும், அங்கே விரித்து உட்காரும் ஒரு முழ மணலும் பலர் நடந்து மீட்ட மணல் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.