முப்பது ஹெர்ட்ஸ் எங்கே பிறந்தது?

கீழப்பழுவூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர், பழுவேட்டரையர் காலக் கோயில்களைப் பற்றி ஒரு படம் தொகுத்துக்கொண்டிருந்தார். கீழையூர் இரட்டைக் கோயில் விமானத்தை ஒட்டிக் கேமரா மெல்ல நகரும் காட்சி, புதிதாக வாங்கிய 4கே மானிட்டரில் வெட்டி வெட்டி ஓடியது. “ஜிம்பல் போச்சுண்ணே, திரும்பப் போய் எடுக்கணும்” என்றார். அதே கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். ஓர் உதறல் இல்லை. குறை படத்தில் இல்லை, படம் திரைக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது என்பது அப்போதே உறுதியாயிற்று.

டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. மானிட்டர் பெட்டியில் அச்சாகியிருந்ததோ 60. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டில் நேராகச் செருகினாலும் 30, யூஎஸ்பி-சி ஹப் வழியாகச் செருகினாலும் 30. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் யாருக்கும் மானிட்டர் மேல்தான் சந்தேகம் வரும். தம்பி அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அந்த 30 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு போகலாம் என்று சொல்லி நிறுத்தினேன்.

முதலில் கணக்குப் போட்டேன். 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம். புள்ளிக்கு 24 பிட் வீதம் நொடிக்கு 60 தடவை அனுப்பினால் கிட்டத்தட்ட 12 ஜிகாபிட். வரிகளுக்கும் பிரேம்களுக்கும் நடுவில் விடுகிற வெற்று நேரத்தையும் சேர்த்தால் எச்டிஎம்ஐ முறையில் 14 ஜிகாபிட்டைத் தாண்டிவிடும். 30 தடவைக்கு இதில் பாதி, 7 ஜிகாபிட் சொச்சம்.

எச்டிஎம்ஐயின் வரலாற்றைப் பார்த்ததும் முதல் முடிச்சு அவிழ்ந்தது. சோனி, ஹிட்டாச்சி, பிலிப்ஸ், தோஷிபா உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2002-இல் கொண்டுவந்த இணைப்பு அது. 4கேயை முதலில் ஏற்றது 2009-இல் வந்த 1.4 பதிப்பு. அதன் மொத்த வேகம் 10.2 ஜிகாபிட். 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்புவதால் படத்துக்குக் கிடைப்பது 8.16 மட்டுமே. 7 அதற்குள் அடங்கும், 14 அடங்காது. 2013-இல் 2.0 பதிப்பு மொத்த வேகத்தை 18 ஆக உயர்த்திவிட்டது. தம்பியின் லேப்டாப் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தி வந்தது என்றாலும் அதிலிருந்தது 1.4தான். போர்ட்டின் உருவம் மாறாததால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

ஹப்பின் 30க்கு மூலம் வேறு. யூஎஸ்பி-சி வடிவம் 2014-இல் வந்தது. அதன் 24 முனைகளுக்குள் அதிவேகக் கம்பி இணைகள் நான்கு. அதே ஆண்டில், அந்த இணைகளில் டிஸ்ப்ளேபோர்ட் படத்தையும் அனுப்பலாம் என்று வெசா அமைப்பு விதி வகுத்தது. நான்கையும் படத்துக்கே விட்டால், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 கணக்கில் 17.28 ஜிகாபிட் கிடைக்கும். இந்த ஹப்போ இரண்டு இணைகளை டேட்டாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. நான்கு வழிச் சாலையில் இரண்டைச் சிமென்ட் லாரிகளுக்கென்றே அடைத்துவிட்டால், லாரி வராத நேரத்திலும் பஸ்ஸுக்கு மிச்சம் இரண்டுதானே? ஹப்பில் செருகியிருந்த எஸ்எஸ்டியைக் கழற்றிப் பார்த்தோம், அப்போதும் 30தான். படத்துக்கு எஞ்சியது 8.64 ஜிகாபிட்.

8.16, 8.64. வெவ்வேறு அமைப்புகள், வெவ்வேறு காரணங்களுக்காகப் போட்ட இரண்டு வரம்புகள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றதால்தான் குற்றமில்லாத மானிட்டர் மேல் பழி விழுந்தது.

படம் ஏன் வெட்டியது என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தூர்தர்ஷன் நொடிக்கு 25 பிரேம் என்ற முறையை எடுத்துக்கொண்டது. மண்டப விளக்குகளில் கோடு விழாமலிருக்க நம் ஊர் கேமராக்காரர்கள் இன்றும் 25இலோ 50இலோதான் எடுக்கிறார்கள். 25 பிரேமை 30 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால், நொடிக்கு ஐந்து பிரேம் இரண்டு முறை நிற்கும். கேமரா நகரும் காட்சியில் அந்த ஐந்தும் கண்ணைக் குத்தும்.

ஹப்பைத் தவிர்த்து, யூஎஸ்பி-சியிலிருந்து நேராக மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஒரு கேபிள் போட்டோம். எஸ்எஸ்டி பக்கத்திலிருந்த சாதாரண யூஎஸ்பி போர்ட்டுக்குப் போனது. 60 வந்தது, 50-உம் பட்டியலில் இருந்தது. 50இல் வைத்ததும் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு முறை நிற்க, விமானம் சீராக நகர்ந்தது. தம்பி மறுபடி கீழையூர் போகவில்லை.

வதோதராவில் பிறந்து இன்டெலில் பணிபுரிந்த அஜய் பட், வீட்டில் பிரிண்டரை இணைக்கப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் யாரும் எளிதாகச் செருகக்கூடிய ஒரு பொது இணைப்பை நினைத்தார் என்பார்கள். 1996-இல் யூஎஸ்பி வந்தபோது வேகம் 12 மெகாபிட். இன்று ஒரே உருவமுள்ள போர்ட் ஒரு லேப்டாப்பில் 480 மெகாபிட்டோடு நிற்கிறது. இன்னொன்றில் தண்டர்போல்ட்டாக 40 ஜிகாபிட் தருகிறது. உருவத்தை ஒன்றாக்கியவர்கள் திறனைப் பெட்டியின் மேல் தெளிவாக எழுதாதது வாங்குகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எடிட்டிங்குக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ராமையும் கிராபிக்ஸ் கார்டையும் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு, யூஎஸ்பி-சியில் படம் வருமா, வந்தால் டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஆ 1.4ஆ என்று கேளுங்கள். 1.4 என்றால் இரண்டு இணையிலேயே 12.96 ஜிகாபிட் கிடைக்கும். அதற்கேற்ற ஹப்பில் 60 ஹெர்ட்ஸ் வரும். ஹப் பெட்டியில் வெறுமனே 4கே என்று போட்டிருந்தால், எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டு, கடையிலேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.