அம்மாயிக்கு ஒரு கலர் படம்

பிறந்தநாளுக்கு வாட்ச் கொடுக்கலாம். கல்யாணத்துக்கு குக்கர் கொடுக்கலாம் (ஏற்கனவே நாலு குக்கர் வந்திருக்கும், அது வேற கதை). கண் ஆபரேஷன் ஆனவங்களுக்கு என்ன கொடுப்பீங்க? ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தாண்டி யாருக்காவது ஏதாவது தோணுதா? எனக்குத் தோணிச்சு. அதனால நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

அம்மாயின்னா அம்மாவைப் பெத்த அம்மா. எங்க திருச்செங்கோட்டுப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்க அம்மாயிக்கு 77 வயசு. ரெண்டு கண்ணுலயும் பொரை. ரெண்டு வருஷமா "எல்லாம் பொகையாட்டம் தெரியுது சாமி"ன்னு சொல்லிக்கிட்டே, ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுவாங்க. எப்படியோ கெஞ்சி ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணியாச்சு. இடது கண்ணை அடுத்த மாசம் பண்ணிடலாம்னு டாக்டர் சொன்னார். "ஒரு கண்ணு போதும், இன்னும் எத்தனை நாளைக்கு"ன்னு அம்மாயி சொல்லிட்டாங்க. பேச்சு அத்தோட முடிஞ்சது.

மாமா ரிக் வண்டி வச்சிருக்கார். எங்க ஊர்ல வீதிக்கு ரெண்டு பேர் போர்வெல் தொழில்லதான் இருப்பாங்க. வருஷத்துல பாதி நாள் மத்தியப் பிரதேசத்துல எங்கேயோ பூமியில ஓட்டை போட்டுக்கிட்டு இருப்பார். புதுசா 55 இஞ்ச் 4கே டிவி வாங்கி மாட்டிட்டு மறுவாரமே வண்டியோட கிளம்பிட்டார். அங்கிருந்து போன்: "மாப்ளே, அந்த டிவியில ஆத்தாளுக்கு நல்லதா எதாச்சும் போட்டுக் காட்டுடா. கண்ணு தெரியுதுன்னு அவிங்களுக்கே தெரியட்டும். அப்பறம் அடுத்த கண்ணுக்கு ஒத்துக்குவாங்க."

இப்படித்தான் பொறுப்பு என் தலையில விழுந்தது. நானும் கண்ணுக்கு விருந்தா ஒரு படத்தை வாங்கிப் பரிசாவே கொடுத்துடலாம்னு முடிவு பண்ணினேன்.

கிளாஸ்ல சொன்னதும் ஒருத்தன் உடனே பென் டிரைவை நீட்டினான். "எல்லாம் ஹெச்டி மச்சி, ஒவ்வொண்ணும் 1 ஜிபிதான்." அந்த 'தான்'லதான் வில்லங்கமே இருக்கு. திருட்டுப் படம் வேண்டாம்ங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கைப் பாருங்க. ரெண்டு மணி நேரப் படம் 1 ஜிபின்னா, ஒரு விநாடிக்கு சுமார் 1.1 மெகாபிட். நெட்ல காசு கட்டிப் பார்க்கிற 4கே படத்துக்கே விநாடிக்கு 15ல இருந்து 25 வரைக்கும் வேணும். 4கே ப்ளூ-ரே டிஸ்க்ல அது 100ஐயும் தாண்டும், உச்சம் 128. ஃபைல் பேர்ல 1080ன்னு போட்டிருந்தா கட்டங்களோட எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும், 20,73,600 பிக்ஸல். ஆனா அந்தக் கட்டங்களுக்குள்ள நிரப்ப சரக்கு இருக்காது. இருட்டுக் காட்சி வந்தா ஓவியம் தண்ணியில நனைஞ்ச மாதிரி கட்டம் கட்டமா உடையும். 4கே டிவியில 82,94,400 பிக்ஸல். பத்துப் பேர் சோத்தை நாப்பது இலைக்குப் பரிமாறினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

சரி, டிஸ்க்தான்னு முடிவாச்சு. அடுத்த சிக்கல், டிஸ்க் போட பெட்டி வேணுமே? நாமக்கல்ல கோழிப்பண்ணை வச்சிருக்கிற வீட்டுப் பையன் ஒருத்தன் எங்க கிளாஸ்ல இருக்கான். அவன்கிட்ட டிஸ்க் போடுற பிளேஸ்டேஷன் 5 இருக்கு. கேட்டேன். "தர்றேன், ஆனா அது எங்க போனாலும் நானும் கூட வருவேன்"னான். அத்தை வைக்கிற பள்ளிபாளையம் சிக்கனைப் பத்தி அவனுக்கு யாரோ சொல்லியிருக்கணும்.

ப்ளூ-ரேயில ஏரியாப் பூட்டு ஒண்ணு உண்டு. அமெரிக்காவுக்கு 'ஏ', ஐரோப்பாவுக்கு 'பி', நமக்கு 'சி'. வெளிநாட்டு டிஸ்க் வாங்கினா நம்ம பெட்டியில ஓடாமப் போகலாம். 4கே டிஸ்க்ல அந்தப் பூட்டே கிடையாது. பரிசு வாங்குறவங்க இதை ஞாபகம் வச்சுக்கங்க.

அப்புறம் எந்தப் படம்? டிவிக்குன்னே சிபாரிசு பண்ற பட்டியல் எல்லாத்துலயும் அதே பேருங்கதான். 'பிளேட் ரன்னர் 2049'. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் வாங்கின படம், மறுக்கவே முடியாது. ஆனா பாதிப் படம் மூடுபனியும் புழுதியும். ரெண்டு வருஷமா பொகைக்குள்ள பார்த்துக்கிட்டிருந்தவங்களுக்குப் பொகையையே பரிசாக் கொடுக்கிறதா? 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' (2015) - கண்ணைச் சிமிட்டினா நாலு ஷாட் போயிடும், சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு ஆகாது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' மேல எனக்குப் பெரிய ஆசை இருந்தது. 1962ல 65 மில்லிமீட்டர் ஃபிலிம்ல எடுத்தது. அந்த நெகடிவ் சாதாரண 35 மில்லிமீட்டரைவிட ரொம்பப் பெரிசு. அதனாலதான் அறுபது வருஷத்துக்கு முந்தின படம் இன்னைக்கு 4கேயில புதுப் படத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடுது. ஆனா மூணரை மணி நேரத்துக்கு மேல இங்கிலீஷ் பேச்சு. சப்டைட்டில் ஓடுற வேகத்துக்கு அம்மாயி எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது.

கடைசியில பிபிசியோட 'பிளானட் எர்த் 2' மாட்டிச்சு. 2016ல டிவியில வந்தது, அடுத்த வருஷமே 4கே டிஸ்க்கா வந்துடுச்சு. கதை கிடையாது, வசனம் கிடையாது. பின்னணியில அட்டன்பரோ தாத்தா பேசுறது மட்டும்தான். அதையும் மியூட்ல போட்டுக்கலாம். யாரோ பார்த்து முடிச்ச டிஸ்க்கை செகண்ட்ஹேண்டா பாதி விலைக்கு வாங்கினேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் மூளை கொஞ்சம் ஜாஸ்தியாச்சே!

சின்ன வயசுல இருந்து அம்மாயி சொல்ற கதை ஒண்ணு. அவங்க ஒன்பது, பத்து வயசுல அவங்க அப்பாவோட மாட்டு வண்டியில போய் டூரிங் டாக்கீஸ்ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பார்த்திருக்காங்க. அதுவரைக்கும் படம்னாலே கறுப்பு வெள்ளைதான். அன்னைக்குத் திரை பூரா கலர். "அதுதான் சாமி கலரு. அப்பறம் வந்ததெல்லாம் சும்மா"ன்னு இன்னைக்கும் சொல்வாங்க. விஷயம் என்னன்னா, அந்தப் படம் எங்க ஊரோட சொந்தச் சரக்கு. தமிழ்ல வந்த முதல் முழுநீளக் கலர் படம், 1956. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிச்சாங்க. தயாரிச்சு இயக்கினவர் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். அந்த 'டி' எங்க திருச்செங்கோடுங்க! இங்கிலாந்து போய் நெசவுத் தொழில் படிச்சவர். திரும்பி வந்து 1935ல சேலத்துல ஸ்டூடியோ கட்டினார். நூறு படத்துக்கு மேல அங்கேயிருந்து வந்தது. 1938ல மலையாளத்தோட முதல் பேசும்படம் 'பாலன்', 1961ல அவங்களோட முதல் கலர் படம் 'கண்டம் பெச்ச கோட்டு', ரெண்டுமே இவர் தயாரிச்சதுதான். மெட்ராஸுக்குப் போகாம இங்கே உட்கார்ந்தே இத்தனையும் பண்ணியிருக்கார். இப்போ ஏற்காடு ரோட்டுல ஸ்டூடியோவோட நுழைவு வளைவு மட்டும் நிக்குது. பஸ்ல போறப்போ நான் அதைப் பார்த்திருக்கேன், வேகமாப் போயிடும்.

ஆக, என் திட்டம் இதுதான். முதல்ல அலிபாபா. புதுக் கண்ணு, புது டிவி, பழைய கலர். அம்மாயி அசந்துடுவாங்க. அப்புறம் டிஸ்க்.

ஞாயித்துக்கிழமை மதியம். அத்தை, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, கோழிப்பண்ணைக்காரன் எல்லாரும் உட்கார்ந்தாச்சு. அம்மாயி கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாங்க. நெட்ல கிடைச்ச அலிபாபாவைப் போட்டேன்.

போன்ல பார்த்தப்போ சுமாராத்தான் தெரிஞ்சது. 55 இஞ்ச்ல? எல்லாம் ஒரே காவி. முகம் காவி, மண் காவி, வானமும் அதே நிறம். ஓரமெல்லாம் குழைஞ்சு ஓடுது. அது ஜேவாகலர்ங்கிற பெல்ஜியம் கம்பெனியோட ஃபிலிம். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம்ல இருக்கிறது சாயம்தான். வெக்கையில வச்சா சேலைச் சாயம் மாதிரியே வெளுக்கும், அதுவும் எல்லா நிறமும் ஒரே அளவுல வெளுக்காது. வெளுத்த பிரதியில இருந்து கேசட், கேசட்ல இருந்து சிடி, சிடியில இருந்து நெட்டுன்னு வந்து சேர்ந்தா இப்படித்தான் இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அம்மாயிக்குத் தெரியாதே.

பத்து நிமிஷம் ஒண்ணும் பேசாமப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க: "ஆப்பரேசன் சரியா வல்லையாட்ட இருக்குது சாமி. கலரே தெரியல."

எனக்கு வயித்துல புளி கரைஞ்சிடுச்சு. அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அம்மாயி அதோட விடல. "நாந்தான் அன்னைக்கே சொன்னனே, இந்த வயசுல கத்தி வெக்கறதெல்லாம் வேண்டாம்னு. இன்னொரு கண்ணு பேச்சே எடுக்காதீங்க." சொல்லிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டாங்க. கலரைக் காட்டுறேன்னு போய், இருந்த நம்பிக்கையையும் கெடுத்து வச்சிருந்தேன்.

"அம்மாயி, ஒரே ஒரு நிமிஷம்"னு கையைப் பிடிச்சு உட்கார வச்சேன். கோழிப்பண்ணைக்காரன் அவசர அவசரமா டிஸ்க்கைச் சொருகினான். நடுவுல டிவி செட்டிங்ஸ்ல ஒரு வேலை. கடையில கண்ணைப் பறிக்கணும்னு வைக்கிற பளீர் மோடு அப்படியே இருந்தது, ஆபரேஷன் பண்ணின கண்ணு கூசும். அதை சினிமா மோடுக்கு மாத்தினேன். எல்லாத்தையும் சீரியல் மாதிரி வழுவழுன்னு ஆக்குமே, அந்த மோஷன் சமாச்சாரத்தையும் அணைச்சேன். இந்த ரெண்டும் பண்ணாம எவ்வளவு விலைக்கு டிஸ்க் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லீங்க.

முதல் பாகம், தீவுகள். ஸ்லாத்னு ஒரு அசமந்தப் பிராணி மரத்துல இருந்து இறங்கி நீலக் கடல்ல நீந்திப் போகும். ரூமே நீலமாயிடுச்சு. அம்மாயி கண்ணாடியைத் திரும்பக் கழட்டினாங்க. ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு இடது கண்ணை உள்ளங்கையால மூடிப் பார்த்தாங்க. அப்புறம் வலது கண்ணை மூடினாங்க. மறுபடி இடது.

"இந்தக் கண்ணுல நீலமாத் தெரியுது. இந்தக் கண்ணுல பார்த்தா பழுத்த எலையாட்டம் இருக்குது."

பொரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகி, நீல வெளிச்சத்தைத்தான் முதல்ல முழுங்கும். அதை எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வச்சதும் நீலம் பொத்துக்கிட்டு வரும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923ல ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. செயற்கை லென்ஸ் இல்லாத காலம், தடிக் கண்ணாடிதான். எல்லாம் ஒரேயடியா நீலமாத் தெரியுதுன்னு மனுஷன் புலம்பியிருக்கார். இன்னைக்கு அந்த லென்ஸ் எங்க அம்மாயி வரைக்கும் வந்து சேர்ந்ததுக்கு மதுரையும் ஒரு காரணம். 1992ல அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரங்க ஆரோலேப் ஆரம்பிச்சு இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சப்புறம்தான் அது ஏழைக்கும் எட்டுற விலைக்கு வந்தது.

அதுக்கப்புறம் யாரையும் பேச விடல. பாறை இடுக்குல இருந்து நூத்துக்கணக்குல பாம்புங்க வரும், நடுவுல ஒரு ஓணான் குட்டி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடும். பார்த்தவங்களுக்குத் தெரியும், இங்கிலீஷ் வர்ணனையோட பார்த்தாலே நெஞ்சு அடிச்சுக்கும். இங்கே வர்ணனை அம்மாயி. "ஓடு சாமி ஓடு... ஐயோ பிடிச்சிருச்சு... ஆ, தப்பிச்சுக்கிச்சு!" மலைப்படி ஏறும்போது பாறையில செதுக்கின பெரிய நாகர் இருக்குமே, அதுக்குக் குங்குமம் போட்டுக் கும்பிடுற மாதிரியே டிவியைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஜெய்ப்பூர் குரங்குங்க சந்தையில திருடித் திங்கிற இடம் வந்ததும், "நம்ம மலைக் கொரங்காட்டவே இருக்குது"ன்னு ஒரே சிரிப்பு.

சாயங்காலம் காபி குடிக்கும்போது அம்மாயியே கேட்டாங்க, "மொதல்ல போட்டியே, அந்த அலிபாபா. அது ஏன் அப்படி?"

சாயம் வெளுக்கிற கதையைச் சொன்னேன். எல்லாப் படத்துக்கும் இந்தக் கதி இல்லைன்னும் சொன்னேன். 1964ல வந்த 'கர்ண'னைச் சுத்தம் பண்ணி 2012ல திரும்பத் தியேட்டர்ல விட்டாங்க, கூட்டம் அள்ளிச்சு. சத்யஜித் ராயோட அப்பு படங்களின் நெகடிவ் 1993ல லண்டன்ல தீப்பிடிச்சு எரிஞ்சது. கருகின சுருளைக்கூட விடாம ஒட்டி, மத்த பிரதிகளையும் சேர்த்து, 2015ல 4கேயில மூணையும் கொண்டு வந்துட்டாங்க. எரிஞ்சதையே மீட்க முடியும்னா, வெளுத்ததை மீட்க முடியாதா?

அம்மாயி தலையாட்டினாங்க. "அப்ப என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் படத்துக்குத்தான் பொரை விழுந்திருக்குது."

அன்னைக்கு ராத்திரி மாமா போன் பண்ணினப்போ அம்மாயி போனை வாங்கி, "அடுத்த கண்ணுக்கு நாள் பார்த்துருடா"ன்னு சொல்லிட்டு உடனே என்கிட்டக் கொடுத்துட்டாங்க. மாமா ரெண்டு தடவை "என்னடா சொன்னாங்க"ன்னு கேட்டார்.

வர்ற வெள்ளிக்கிழமை இடது கண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு 'கர்ணன்' போடணும்னு உத்தரவு. நல்ல பிரதி ஒண்ணு தேடி வச்சிருக்கேன், இந்தத் தடவை 55 இஞ்ச்லயே போட்டுப் பார்த்துட்டேன். அதுக்குப் பெட்டியே வேண்டாம், நெட்லயே ஓடும். இதைக் கோழிப்பண்ணைக்காரன்கிட்ட இன்னும் சொல்லல. அவன் அத்தைகிட்ட சிக்கனுக்குச் சொல்லி வச்சிட்டானாம்.