மூத்தவர்களைக் கேளுங்கள்



ஆயர் ஈத்தாமில் என் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். ஆகவே இதற்குக் கல்வி அமைச்சின் விலக்கு வேண்டும். விலக்கு காகிதத்தில் வரும், அனுபவம் வருமா?

மூத்தவன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினான். எங்கள் சபையில், ஐந்து பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பித்த ஓர் அக்காளிடம் போனேன். "தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல், தங்கச்சி. முதலில் ட, ப, ம. அழுதால் அன்றைய பாடத்தை நிறுத்திவிடு" என்றார். இன்னொரு தாயார், "ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் கால்மணி நேரம் கொடு" என்றார். ஆண்டு முடிவதற்குள் அவன் குடும்ப ஜெபத்தில் தானே சங்கீதம் வாசித்தான்!

இது பழைய வழிதான். இங்கிலாந்தில் சுசன்னா வெஸ்லி, வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியே பேசுவார். ஐந்து வயதாகும்வரை பொதுவாக எழுத்துப் படிப்பைத் தொடங்கமாட்டார். மகன் ஜான் வெஸ்லி கேட்டுக்கொண்டதால், தம் முறையை 1732இல் கடிதமாக எழுதினார்.

தோட்டத்துத் தாய்மாரே, உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போனாலும் மாலையில் வீட்டில் ஆசிரியை நீங்கள்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பிள்ளை வளர்த்த கைக்குத் தெரிந்தது புத்தகத்தில் இராது.