முப்பது சதுர அடி

முப்பதுக்கு நாற்பது மனை, கிழக்குப் பார்த்தது. அரை கிரவுண்டு என்று தரகர் சொன்னபோது தாராளமாகத் தெரிந்த இடம், சுற்றிலும் காலியிடம் விட்டு, படிக்கட்டுக்கும் காருக்கும் ஒதுக்கியபின் காகிதத்தில் சுருங்கிவிட்டது. மிச்சத்தில் இன்ஜினியர் வரைந்து தந்தது இப்போது எல்லாத் தெருவிலும் பார்க்கிற பிளான்தான். கதவைத் திறந்தால் ஹால். சமையலறை தென்கிழக்கில், பெரிய படுக்கையறை தென்மேற்கில், வாசல் வடகிழக்கு உச்சத்தில். வாஸ்துவுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை மனிதர்களுக்குத்தான். கூரியர் பையன் வாசலில் நின்று "ஓடிபி சொல்லுங்க சார்" என்று கேட்கும் அரை நிமிடத்தில், பனியனோடு சோபாவில் சாய்ந்திருக்கும் அப்பா, தரையில் புத்தகங்களைப் பரப்பியிருக்கும் மகள், எடுக்காத சாப்பாட்டுத் தட்டு எல்லாம் அவன் கண்ணில் படும். பாவம், அவன்தான் கண்ணை எங்கே வைத்துக்கொள்வான்?

பழைய தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தச் சங்கடம் இல்லை. திண்ணை, வாசலை ஒட்டிய நடையான ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று வரிசை உண்டு. யார் எதுவரை வரலாம் என்பதை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் சாதியும் சேர்ந்தே இருந்தது. திண்ணையில்கூட ஏற முடியாதவர்கள் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டு ரேழியைக் கொண்டாட எனக்கு மனமில்லை. நான் கேட்டது யார் வந்தாலும் வெயிலில் நிற்காமல் உள்ளே வந்து நிற்க ஒரு நடை, ஆறடிக்கு ஐந்தடி.

"முப்பது சதுர அடி சார். சதுர அடி 2,400 வைத்தால் 72,000 ரூபாய். யாருமே உட்காராத இடத்துக்கா?" என்றார் இன்ஜினியர். கணக்கு சரி. ஆனால் செருப்பும் ஹெல்மெட்டும் நனைந்த குடையும் பள்ளிக்கூடப் பையும் பிளானில் இடமில்லை என்பதற்காக வராமலா இருக்கப்போகின்றன? ஹாலுக்குள் வந்து குவியும்; அந்தக் குவியலுக்கும் அதே 2,400தான்.

அளவைத் தீர்மானித்தது அம்மா. "நாளைக்கு உங்கப்பாவுக்குச் சக்கர நாற்காலின்னு ஆனா வருமா?" வடக்குச் சுவரோரம் செருப்பு அலமாரிக்கு ஓர் அடி போக, மிச்சம் ஐந்துக்கு ஐந்து. நாற்காலி ஒரு சுற்று திரும்ப அவ்வளவு வேண்டும். "பீரோ திரும்புமா?" என்று மேஸ்திரி கேட்டபின், இடப்பக்கம் ஹாலுக்குப் போகும் வழி இரண்டரை அடியிலிருந்து மூன்றரை ஆனது. வாசற்படியில்தான் இழுபறி. சக்கரத்துக்குப் படி ஆகாது. படியில்லாமல் மஞ்சள் எங்கே பூசுவது? கடைசியில் அரை அங்குலம் மட்டும் எழும்பிய தேக்குப் படிக்கு அம்மாவே இறங்கி வந்தாள்.

ரேழியின் இருட்டு மட்டும் வேண்டாம் என்றாள் மனைவி. அதனால் கதவுக்கு நேரே சுவருக்குப் பதில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துக் கட்டடங்களில் விரும்பிக் கையாண்ட உத்தி: காற்றும் வெளிச்சமும் புகும், வெளியார் பார்வை அங்கேயே சிதறிவிடும்.

இவ்வளவுக்கும் விலை கொடுத்தது ஹால். மூன்று பேர் சோபா இரண்டு பேர் சோபாவாகிவிட்டது. வீட்டில் ஐந்து பேர். டிவிக்கு முன்னால் தரையில் யார் என்ற வழக்கு இப்போது நடக்கிறது. அஸ்திவாரம் தோண்டுவதற்குள் தீர்ப்பு வராது போலிருக்கிறது.